கணிப்பொறி கண் விழிக்க மறுத்தால்...

கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய கணிப்பொறியில் விண்டோஸ் இருக்கிறது. பக்கத்திலேயே லினக்ஸும் குடியிருக்கிறது. ஆறு மாதம் உழைத்து எழுதிய திட்டக் கட்டுரை, செய்முறை அளவீடுகள், அக்காளின் திருமணப் படங்கள் எல்லாம் விண்டோஸ் பக்கத்தில் உள்ளன. ஒருநாள் அவர் லினக்ஸின் புதிய பதிப்பை நிறுவுகிறார். கணிப்பொறியை அணைத்து மீண்டும் போட்டால், விண்டோஸ் எழுந்து வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி மட்டும் நிற்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றால், "ஃபார்மட் போட்டுவிடலாம், தம்பி" என்கிறார்.

தலையாட்டுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவோம். 500 ஜிபி வன்தட்டு ஒன்றில் 512 பைட் அளவுள்ள செக்டர்கள் 97,67,73,168 இருக்கும். மேலே சொன்ன நிலையில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது அவற்றுள் ஒரே ஒரு செக்டர்தான். ஏறத்தாழ 97 கோடியே 67 லட்சம் செக்டர்களும் நலமாகவே இருக்கின்றன. நூலகத்தின் வாசற்பூட்டு கெட்டுப்போனதற்காக உள்ளேயிருக்கும் நூல்களைக் கொளுத்துவார் உண்டோ? ஃபார்மட் செய்வது ஏறக்குறைய அத்தகைய வேலையே.

அந்த ஒரு செக்டர் எது, அதில் என்ன எழுதியிருக்கிறது, அது எப்படிக் கெடுகிறது, அதை எங்ஙனம் சீராக்குவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கை மாறும் ஓட்டம்

தொடர் ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் கோலைக் கொண்டு ஓடி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார் அல்லவா? கணிப்பொறி விழித்தெழுவதும் அப்படித்தான்.

மின்சாரம் பாய்ந்தவுடன் மையச் செயலகத்துக்கு விண்டோஸையும் தெரியாது, லினக்ஸையும் தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரலே முதலில் ஓடத் தொடங்குகிறது. அது நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றைச் சரிபார்க்கிறது. பின்னர் வன்தட்டின் முதல் செக்டரை அப்படியே எடுத்து, நினைவகத்தில் 31,744 என்னும் முகவரியில் வைக்கிறது. அந்தச் செக்டரின் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்னும் எண்களாக இருக்க வேண்டும். இவ்வெண்களை இரும முறையில் எழுதிப் பாருங்கள்: 01010101, 10101010. ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் இந்த அழகிய கோலமே "இது தொடக்கச் செக்டர்தான்" என்பதற்கான முத்திரை. முத்திரை சரியாக இருந்தால் பயாஸ் கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அந்த அடுத்தவர்தான் எம்பிஆர் எனப்படும் முதன்மைப் பூட் செக்டர். 1983-இல் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் பீசி எக்ஸ்டி கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் வந்த டாஸ் 2.0 காலத்திலிருந்து இந்த அமைப்பு வழக்கில் உள்ளது. இதன் 512 பைட்டுகளில் முதல் 446 பைட்டுகள் நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகள் ஒரு பட்டியல். கடைசி 2 பைட்டுகள் மேலே கண்ட முத்திரை. கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக இருக்கும்.

வன்தட்டை ஒரு மனை என்றால், அதில் தடுப்புச் சுவர் எழுப்பிப் பிரித்த வீடுகளே பார்ட்டிஷன் எனப்படும் பிரிவுகள். 64 பைட் பட்டியலில் நான்கு பிரிவுகளுக்கு ஆளுக்கு 16 பைட் வீதம் இடம் உண்டு. பிரிவு எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், எவ்வகையைச் சேர்ந்தது, இதிலிருந்துதான் தொடங்க வேண்டுமா என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

விண்டோஸ் எழுதி வைக்கும் எம்பிஆர் நிரல் செய்வது எளிய வேலை. தான் அமர்ந்திருக்கும் 31,744 என்னும் இருக்கையைக் காலி செய்துவிட்டு 1,536 என்னும் முகவரிக்கு நகர்ந்துகொள்கிறது. தொடக்கக் குறி இட்ட பிரிவைப் பட்டியலில் தேடுகிறது. அந்தப் பிரிவின் முதல் செக்டரைப் படித்து, காலியான இருக்கையில் அமர்த்திக் கோலைக் கொடுத்துவிடுகிறது. நம் கட்டுரையின் நாயகன் இந்த மூன்றாம் ஓட்டக்காரன்தான். இதன் பெயர் பிரிவின் பூட் செக்டர். விண்டோஸைத் தொடங்கும் கோப்பைத் தேடி எடுத்து இயக்குவது இதன் பொறுப்பு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அக்கோப்பின் பெயர் என்டிஎல்டிஆர். விஸ்டா முதல் பூட்எம்ஜிஆர்.

எம்பிஆர் என்பது தெருமுனையில் உள்ள பெயர்ப்பலகை. பிரிவின் பூட் செக்டர் என்பது ஒவ்வொரு வீட்டின் வாசற்படி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல பழுதுபார்ப்புகள் விபரீதத்தில் முடிகின்றன.

வாசற்படியில் என்ன எழுதியிருக்கிறது?

விண்டோஸ் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறையைக் கையாள்கிறது. அதன் பூட் செக்டரில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று நிரல், மற்றொன்று அளவுகள்.

முதல் 3 பைட்டுகள், அளவுகளைத் தாண்டி நிரல் இருக்கும் இடத்துக்குக் குதிக்கச் சொல்லும் கட்டளை. அடுத்த 8 பைட்டுகளில் கோப்பு முறையின் பெயர். பிறகு ஒரு செக்டருக்கு எத்தனை பைட், கிளஸ்டர் எனப்படும் ஒரு கட்டுக்கு எத்தனை செக்டர், பிரிவில் மொத்தம் எத்தனை செக்டர் என்பன போன்ற அளவுகள். இவற்றுள் மிக முக்கியமானது, எம்எஃப்டி என்னும் பேரேடு எந்தக் கட்டில் தொடங்குகிறது என்னும் எண். பிரிவில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் ஆகியவை அந்தப் பேரேட்டில்தான் உள்ளன.

ஒரு கணக்கால் இதை விளக்கலாம். பல கணிப்பொறிகளில் அந்த எண் 7,86,432 என்று காணப்படும். ஒரு கட்டுக்கு 8 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். ஆக, ஒரு கட்டு 4,096 பைட். 7,86,432-ஐ 4,096-ஆல் பெருக்கினால் 322,12,25,472 பைட் வரும். இது இரும முறைக் கணக்கில் மிகச் சரியாக 3 ஜிபி. அதாவது பிரிவின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தொலைவில் பேரேடு இருக்கிறது என்று வாசற்படியில் எழுதியிருக்கிறது.

இந்த எண் அழிந்தால் என்ன ஆகும்? பேரேடு இருந்த இடத்திலேயே இருக்கும். கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அவற்றைத் தேடிப் போக வழி தெரியாது. விண்டோஸ் அந்தப் பிரிவை "ரா" என்று காட்டும், "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று பணிவாகக் கேட்கவும் செய்யும். பணிவைக் கண்டு ஏமாறாமல் "வேண்டாம்" என்பதே நம் விடையாக இருக்க வேண்டும்.

நிரல் மட்டும் அழிந்து அளவுகள் பிழைத்திருந்தால் நிலைமை வேறு. கோப்புகளை எல்லாம் லினக்ஸிலிருந்து தடையின்றிப் பார்க்கலாம். விண்டோஸ் மட்டும் எழுந்து வராது. எது கெட்டது என்பதைப் பொறுத்தே மருந்தும் மாறும்.

இரு குடும்பங்கள், ஒரே வாசல்

2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆகவே இரட்டை இயங்குதளம் என்பது நம் மாணவர்கள் பலருக்குப் பழகிய ஒன்றே.

இத்தகைய கணிப்பொறிகளில் எம்பிஆரின் 446 பைட்டுகளில் விண்டோஸின் நிரலுக்குப் பதிலாக கிரப் என்னும் நிரலின் முதல் துண்டு அமர்கிறது. கிரப்பை 1995-இல் எழுதியவர் எரிக் போலின். 446 பைட்டுக்குள் பெரிய வேலை எதையும் செய்ய இயலாது. எனவே எம்பிஆருக்கும் முதல் பிரிவுக்கும் இடையே காலியாகக் கிடக்கும் செக்டர்களில் கிரப் தன் நடுப்பகுதியை வைத்துக்கொள்கிறது. மற்றவற்றை லினக்ஸ் பிரிவிலிருந்து எடுத்துக்கொண்டு, "விண்டோஸா? லினக்ஸா?" என்று கேட்கும் பட்டியலைத் திரையில் காட்டுகிறது. லினக்ஸ் என்றால் தானே அதை இயக்கும். விண்டோஸ் என்றால், விண்டோஸ் பிரிவின் பூட் செக்டரை எடுத்து அமர்த்திக் கோலை அதன் கையில் கொடுத்துவிடும்.

இப்போது விபத்து எப்படி நேர்கிறது என்று பாருங்கள். லினக்ஸை நிறுவும்போது, "கிரப்பை எங்கே எழுதட்டும்?" என்று ஒரு கேள்வி வரும். லினக்ஸில் முதல் வன்தட்டு முழுவதற்கும் எஸ்டிஏ என்று பெயர்; அதன் முதல் பிரிவுக்கு எஸ்டிஏ1 என்று பெயர். வேறுபாடு ஒரே ஓர் எண். எஸ்டிஏ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எஸ்டிஏ1 என்று சொல்லிவிட்டால், தெருமுனைப் பலகையில் எழுத வேண்டியதை விண்டோஸ் வீட்டின் வாசற்படியில் எழுதியதாகிவிடும். அதன்பின் பட்டியலில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், கிரப் போய் அந்த வாசலைத் தட்டும். அங்கேயும் கிரப்பே கதவைத் திறக்கும்! பட்டியலே மீண்டும் மீண்டும் வந்து நிற்கும்.

வேறு காரணங்களும் உண்டு. பிரிவின் அளவை மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது, வன்தட்டின் பரப்பு பழுதடைவது, பழக்கமில்லாத கருவிகளைக் கையாள்வது ஆகியன பொதுவானவை. நச்சு நிரல்களும் இதில் கைவைப்பதுண்டு. 1986-இல் லாகூரிலிருந்து பரவிய பிரெயின் என்னும் நச்சு நிரல், நெகிழ்வட்டின் பூட் செக்டரில்தான் புகுந்து வாழ்ந்தது. 2016-இல் தோன்றிய பெட்யா, எம்பிஆரை மாற்றி எழுதியதோடு நில்லாமல் எம்எஃப்டி பேரேட்டையே மறைக்குறியாக்கிப் பூட்டியது. அந்த நிலையில் பூட் செக்டரைச் சீராக்குவதால் பயனில்லை.

நோய் அறிதல்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல நாம் திரையில் உள்ள வரியைப் பார்க்க வேண்டும். ஓர் எளிய உண்மையை நினைவில் வைத்தால் போதும்: குறை சொல்பவர் உயிரோடு இருக்கிறார்; அவர் யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அங்கேதான் குறை.

"மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று வருகிறதா? இதைச் சொல்வது விண்டோஸின் எம்பிஆர் நிரல். தான் எடுத்து வந்த பிரிவின் பூட் செக்டரில் 85, 170 முத்திரை இல்லை என்பதே அதன் பொருள். எம்பிஆர் நலம்; வாசற்படி கெட்டது.

"பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" அல்லது "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று வருகிறதா? இதைச் சொல்வது பிரிவின் பூட் செக்டரே. அதன் நிரல் ஓடுகிறது. அது தேடிய கோப்புதான் கிடைக்கவில்லை.

கிரப் பட்டியல் வருகிறது, விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் "இன்வாலிட் சிக்னேச்சர்" என்கிறதா? மீண்டும் முத்திரைக் குறைவு; வாசற்படியே கெட்டது. பட்டியலே திரும்பத் திரும்ப வருகிறதா? வாசற்படியில் கிரப் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

"கிரப் ரெஸ்கியூ" என்று நிற்கிறதா? எம்பிஆரில் உள்ள கிரப் உயிரோடு இருக்கிறது. லினக்ஸ் பிரிவில் உள்ள தன் மற்றக் கோப்புகளை அதனால் காண முடியவில்லை. லினக்ஸ் வேண்டாமென்று அந்தப் பிரிவை நீக்கியவர்கள் அடிக்கடி காணும் காட்சி இது. இங்கே விண்டோஸின் வாசற்படி நலமாகவே இருக்கும்.

பதிலி எங்கே இருக்கிறது?

என்டிஎஃப்எஸ் முறையை வகுத்தவர்கள், இந்த ஒரு செக்டர் எவ்வளவு இன்றியமையாதது என்பதை உணர்ந்து அதற்கு ஒரு பதிலியையும் எழுதி வைத்தார்கள். விண்டோஸ் என்டி 4.0 முதல் அந்தப் பதிலி பிரிவின் கடைசிச் செக்டரில் இருக்கிறது. மூலமும் பதிலியும் அடுத்தடுத்து இருந்தால் ஒரே அடியில் இரண்டும் போய்விடுமல்லவா? அதனால்தான் ஒன்று தலைவாசலிலும் மற்றொன்று கொல்லைப்புறத்திலும் உள்ளன.

விண்டோஸ் 7 நிறுவும்போது 100 எம்பி அளவில் ஒரு சிறு பிரிவை உண்டாக்கும். அது 2,048-ஆம் செக்டரில் தொடங்கி 2,04,800 செக்டர் நீளம் உடையது. எனவே அதன் கடைசிச் செக்டர் 2,048 + 2,04,800 - 1 = 2,06,847. பதிலி இருப்பது அங்கேதான். இதில் ஒரு நயமும் உண்டு. அந்தப் பிரிவின் பூட் செக்டரில் "மொத்தம் எத்தனை செக்டர்" என்ற இடத்தில் 2,04,799 என்றுதான் இருக்கும், ஒன்று குறைவு. கடைசிச் செக்டர் கோப்பு முறையின் கணக்கிலேயே சேராது. எனவே எத்தனை கோப்புகள் எழுதினாலும் அவை பதிலியின்மேல் ஏறிவிடுவதில்லை.

பென் டிரைவ்களில் காணப்படும் ஃபேட்32 முறையில் பதிலி பிரிவின் 6-ஆம் எண் செக்டரில் இருப்பது வழக்கம். பழைய ஃபேட்16 முறையில் பதிலியே கிடையாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 பிரிவில் முதல் 1,024 பைட்டுகள் பூட் நிரலுக்கென விடப்பட்டுள்ளன. அதன் அளவுகள் சூப்பர்பிளாக் என்னும் தனி இடத்தில் உள்ளன. அதற்கும் பிரிவு முழுவதும் பல பதிலிகள் உண்டு.

சீராக்கும் முறை

தேவையானவை இரண்டே: லினக்ஸ் எழுதிய பென் டிரைவ் ஒன்று, நகல் எடுத்து வைக்க வேறொரு வட்டு ஒன்று. கருவி, டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச நிரல். இதை எழுதியவர் கிறிஸ்தோஃப் கிரெனியே. சிஸ்டம்ரெஸ்கியூ என்னும் லினக்ஸ் தொகுப்பில் இது முன்னரே சேர்க்கப்பட்டுள்ளது.

முதற்படி, நகல். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்குங்கள். விண்டோஸ் பிரிவைத் திறந்து பார்க்க முடிந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் இன்றியமையாத கோப்புகளை அடுத்த வட்டுக்கு எடுத்துவிடுங்கள். திறக்க முடியாவிட்டால் முழு வன்தட்டையும் செக்டர் செக்டராகப் பிரதி எடுப்பது உத்தமம். வட்டிலிருந்து டக் டக் என்று ஓசை வந்தாலோ, படிப்பதற்கு நெடுநேரம் திணறினாலோ அது வன்பொருள் நோய். அப்போது டிடிரெஸ்கியூ என்னும் நிரலால் பிரதி எடுத்து, பிரதியின்மேல் மட்டும் வேலை செய்ய வேண்டும். சாகும் வட்டில் எழுதவே கூடாது.

இரண்டாம்படி, கெட்ட செக்டரையும் சேமித்தல். கெட்டதை எதற்குச் சேமிப்பது என்று கேட்கலாம். நம் மருந்து தவறாகிவிட்டால் பழைய நிலைக்காவது திரும்ப வேண்டாமா? டிடி என்னும் லினக்ஸ் கட்டளையில் பிரிவின் பெயரைக் கொடுத்து, "512 பைட், ஒரே ஒரு முறை" என்று சொன்னால் அந்தச் செக்டர் ஒரு சிறு கோப்பாகிவிடும். அவ்வாறே எம்பிஆரையும் எடுத்து வையுங்கள்.

மூன்றாம்படி, சோதனை. விண்டோஸ் பிரிவு திறந்திருந்தால் முதலில் அதை மூடிவிட்டு, டெஸ்ட்டிஸ்கைத் தொடங்குங்கள். வன்தட்டைத் தேர்ந்தெடுங்கள், பட்டியல் வகை "இன்டெல்" என்று அதுவே கண்டுகொள்ளும். "அட்வான்ஸ்ட்" என்பதில் நுழைந்து, விண்டோஸ் பிரிவைத் தேர்ந்து, "பூட்" என்பதை அழுத்துங்கள். பூட் செக்டரின் நிலை, பதிலியின் நிலை, இரண்டும் ஒன்றாக உள்ளனவா என்னும் மூன்று செய்திகள் கிடைக்கும்.

மூலம் கெட்டது, பதிலி நலம் என்று வந்தால் வழி தெளிவு. இரண்டும் நலம், ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை என்று வந்தால் சற்று நிதானியுங்கள். கிரப் வாசற்படியில் எழுதப்பட்டபோது அது அளவுகளைத் தொடாமல் நிரலை மட்டுமே மாற்றியிருக்கும். அளவுகள் சரியாக இருப்பதால் டெஸ்ட்டிஸ்க் அதை நலம் என்றே சொல்லும். நம் மாணவரின் கணிப்பொறியில் காணக்கூடிய நிலை இதுவே.

நான்காம்படி, மருந்து. மேற்கண்ட இரு நிலைகளிலும் "பேக்கப் பிஎஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால், பதிலி மூலத்தின்மேல் எழுதப்படும். ஒரு நொடியும் ஆகாது. "ஆர்க் பிஎஸ்" என்பது இதற்கு நேர்மாறானது. மூலத்தைப் பதிலியின்மேல் எழுதும். மூலம் கெட்டிருக்கும்போது இதை அழுத்தினால் இருந்த ஒரே நல்ல நகலும் போய்விடும். விரல் வைக்கும் முன் இருமுறை படியுங்கள்.

இரண்டுமே கெட்டிருந்தால் "ரீபில்ட் பிஎஸ்" உண்டு. பேரேட்டின் இருப்பிடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அளவுகளைக் கணக்கிட்டுப் புதிய பூட் செக்டரை இது ஆக்கித் தரும். எழுதச் சொல்வதற்கு முன் "லிஸ்ட்" என்பதை அழுத்திப் பாருங்கள். உங்கள் கோப்புகளின் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் கணக்கு சரி. தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

ஐந்தாம்படி, நிரலைப் புதுப்பித்தல். விண்டோஸை ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு உயர்த்திய கணிப்பொறிகளில் பதிலியில் பழைய நிரல் தங்கியிருக்கக்கூடும். அப்போது விண்டோஸ் நிறுவல் வட்டிலிருந்து கட்டளைத் திரைக்குச் சென்று "பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்" என்று கொடுத்தால் தற்போதைய பதிப்புக்குரிய நிரல் எழுதப்படும். அளவுகள் சிதைந்திருந்தால் இந்தக் கட்டளைக்குப் பிரிவையே அடையாளம் தெரியாமல் போகலாம். ஆதலால்தான் முதலில் அளவுகளைச் சீராக்கினோம்.

மருந்தே நஞ்சாவது

அவசரத்தில் பலர் கொடுக்கும் கட்டளை "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்". இது தெருமுனைப் பலகையை மட்டுமே மாற்றும்; கெட்டுப்போன வாசற்படியைத் தொடாது. விண்டோஸ் எழாமல் போவதோடு, இருந்த கிரப்பும் போய் லினக்ஸும் எட்டாமல் போகும். ஏற்கெனவே இதைச் செய்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். பென் டிரைவ் லினக்ஸிலிருந்து கிரப்பை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இம்முறை எஸ்டிஏ என்று முழு வட்டின் பெயரையே கொடுங்கள். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் விண்டோஸ் தெரியாவிட்டால், கிரப்பின் அமைப்புக் கோப்பில் அவ்வசதியை இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

வட்டைச் சரிபார்க்கும் "செக்டிஸ்க்" கட்டளையையும் அளவுகள் சரியாகும்வரை ஏவாதீர்கள். தவறான அளவுகோலைக் கையில் கொடுத்தால், சரியான கட்டடத்தையும் அது கோணல் என்று இடித்துவிடும்.

சேமித்து வைத்த பழைய எம்பிஆரைத் திரும்ப எழுதும்போதும் கவனம் தேவை. இடையில் பிரிவுகளை மாற்றியிருந்தால் 512 பைட்டுகளையும் எழுதக் கூடாது. பழைய பட்டியல் புதியதை அழித்துவிடும்.

இன்னொன்று: பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்ட பிரிவின் பூட் செக்டரில் என்டிஎஃப்எஸ் என்னும் பெயருக்குப் பதிலாக வேறு பெயர் இருக்கும். அது பழுதன்று, அதன் இயல்பே அதுதான். அங்கே இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. அதற்குரிய 48 இலக்க மீட்புத் திறவுகோலை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதே காப்பு.

புதிய கணிப்பொறிகளில்

2012-இல் விண்டோஸ் 8 வந்த காலம் முதல் யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறை பரவலாயிற்று. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதைக் கட்டாயமாக்கியது. இம்முறையில் தாய்ப்பலகையின் நிரலுக்கே ஃபேட் கோப்பு முறையைப் படிக்கத் தெரியும். எனவே 446 பைட்டுக்குள் நிரலைத் திணிக்க வேண்டியதில்லை. இதற்கென ஒரு தனிச் சிறு பிரிவு உண்டு. அதில் விண்டோஸுக்கு ஓர் அறை, லினக்ஸுக்கு ஓர் அறை. ஒரே வாசலுக்கு இரு குடும்பங்கள் சண்டையிடும் நிலை பெரும்பாலும் ஒழிந்தது.

பிரிவுகளின் பட்டியலும் மாறிவிட்டது. எம்பிஆர் பட்டியலில் செக்டர் எண்ணுக்கு 32 பிட் இடமே உண்டு, ஆகவே 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண இயலாது. புதிய ஜிபிடி பட்டியலில் 64 பிட் இடம் உண்டு. வழக்கமாக 128 பிரிவுகள் வரை எழுதலாம். பட்டியலின் பதிலி வட்டின் கடைசியில் இருக்கும். எழுத்துப் பிழையைத் தானே கண்டுகொள்ளச் சரிபார்ப்பு எண்ணும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆயினும் என்டிஎஃப்எஸ் பிரிவின் பூட் செக்டரில் உள்ள அளவுகள் இன்றும் அதே இடத்தில், அதே வேலையைச் செய்கின்றன. அவை அழிந்தால் புதிய கணிப்பொறியிலும் அந்தப் பிரிவு "ரா" ஆகிவிடும், "ஃபார்மட் செய்யட்டுமா?" என்ற கேள்வியும் வரும். கொல்லைப்புறப் பதிலியும் அங்கே காத்திருக்கும்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது

கணிப்பொறி நலமாக இருக்கும்போதே எம்பிஆர், ஒவ்வொரு பிரிவின் பூட் செக்டர், பிரிவுப் பட்டியல் ஆகியவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். எல்லாம் சேர்ந்தும் சில ஆயிரம் பைட்டுகளே ஆகும். பட்டியலை ஒரு தாளிலும் எழுதி வைப்பது நல்லது. தாளை நச்சு நிரல் தொடாது. லினக்ஸ் நிறுவும் நாளுக்கு முன்னாள் உங்கள் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பூட் செக்டரின் பதிலி வாசலைத்தான் மீட்டுத் தரும். வீட்டினுள் இருக்கும் பொருளுக்கு நீங்கள்தான் பதிலி வைக்க வேண்டும்.

அப்படியும் ஒருநாள் கறுப்புத் திரையில் வெள்ளை வரி நின்றால், அந்த வரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேசுவது யார், யாரைக் குறை சொல்கிறது என்று பாருங்கள். நகல் எடுங்கள், பிறகு பதிலியைத் தேடுங்கள். இந்த வரிசை மாறாதிருந்தால், திட்டக் கட்டுரையும் திருமணப் படங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே உங்களுக்காகக் காத்திருக்கும்.